சாமான் லாரியில், குடும்பம் காரில்: சென்னையிலிருந்து ராஜபாளையம் வரை

சென்னையிலிருந்து ராஜபாளையம் ஏறக்குறைய 550 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் காரில் 9, 10 மணி நேரத்தில் வந்துவிடலாம். வீடு மாற்றுகிற குடும்பங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. பகலெல்லாம் பெட்டி கட்டி, மாலையில் சாமான் ஏற்றி, லாரி கிளம்பியதும் அதன் பின்னாலேயே காரை எடுத்து, இரவு முழுக்க ஓட்டி, விடியும்போது புது வீட்டு வாசலில் இறங்குகிறார்கள். அன்று காலையிலேயே பால் காய்ச்ச வேண்டும், லோடுமேன்களைப் பிடிக்க வேண்டும், தண்ணீர் வருகிறதா பார்க்க வேண்டும். உடம்பு ஒத்துழைக்காது. பகல் முழுக்கச் சாமான் கட்டிய கையோடு பின்னிரவில் தேசிய நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவது ஆபத்தும்கூட. விடிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் கண் தானாகச் செருகும். எத்தனை டீ குடித்தாலும் அதைத் தடுக்க முடியாது.

அதனால் சாமான் இரவில் வரட்டும். குடும்பம் இரண்டு பகலில், வழியில் நின்று, பார்த்து, தூங்கி வரட்டும். குறிப்பாகத் திருமங்கலத்துக்கு அப்பால் உள்ள கடைசி 75 கிலோமீட்டரை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள். இனி நீங்கள் வாழப்போகிற மண் அங்கேதான் தொடங்குகிறது. அதை முதல்முறை இருட்டில் கடப்பது பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன்.

மாதம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகும் வழக்கமில்லை. ஆகவே ஆடிக்கு முந்தைய வைகாசி, ஆனி மாதங்களில் பள்ளிக்கூடத் திறப்பும் சேர்ந்துகொள்ள, லாரிக்குக் கிராக்கி ஏறிவிடும். முடிந்தால் மாத நடுவில், வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி மூன்று நாளும் முதல் மூன்று நாளும்தான் வாடகை வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் லாரி தேடுகிற நாட்கள். ஐப்பசி, கார்த்திகையில் வருவதானால் தார்ப்பாய் இரண்டு அடுக்காகப் போடச் சொல்லுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கம் இருக்கிற இந்த ஊர்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை.

லாரி ஏற்பாடு

இரண்டு வழி உண்டு. முழு லாரியும் உங்களுக்கே என்று பேசினால், மாலையில் ஏற்றியது மறுநாள் மதியத்துக்குள் வந்துவிடும். மற்றவர் சாமானோடு சேர்த்து ஏற்றுகிற பங்கு லோடு என்றால் செலவு குறையும், ஆனால் இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். நடுவில் ஒரு கிடங்கில் இறக்கி ஏற்றவும் செய்வார்கள். கண்ணாடிச் சாமானும் மர பீரோவும் உள்ள வீட்டுக்கு முழு லாரியே நல்லது. பெரும்பாலும் பாத்திரமும் துணியும் புத்தகமும்தான் என்றால் பங்கு லோடு போதும். நீங்கள் இரண்டு நாள் வழியில் இருக்கப்போவதால் அந்தத் தாமதம் உங்களுக்கு இடைஞ்சலாகாது.

இன்னொரு வழியும் விசாரிக்கத் தக்கது. ராஜபாளையம் பஞ்சாலை ஊர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியது முதல் நூற்பாலைகள் பெருகி நிற்கிற இடம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் மருத்துவமனைக்கான பேண்டேஜ் துணி நெய்கின்றன. இந்தச் சரக்கை வெளியூருக்கு ஏற்றிச் செல்கிற லாரிகள் திரும்பும்போது லோடு தேடும். ராஜபாளையத்தில் உங்களுக்கு உறவோ நண்பரோ இருந்தால், அங்குள்ள லாரி புக்கிங் ஆபீஸில் அவர்களையே பேசச் சொல்லுங்கள். திரும்புகிற வண்டிக்கு வாடகை கணிசமாகக் குறையும். அந்த ஓட்டுநருக்கு உங்கள் தெருவும் தெரிந்திருக்கும். அப்படி வருகிறவர்கள் வெறும் வண்டியும் ஓட்டுநரும்தான். கட்டுவதும் ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் பொறுப்பு.

யாரிடம் பேசினாலும் வீட்டுக்கு வந்து சாமானைப் பார்த்த பிறகு சொல்கிற விலையை மட்டுமே விலையாக எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்கிற தொகை ஏறாமல் இருந்ததில்லை. கட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கு ஏற்றினால் எவ்வளவு, சுங்கக் கட்டணம் யாருடையது, வண்டி காத்திருந்தால் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் எழுதி வாங்குங்கள். இறக்கும் நேரத்தில், பாதிச் சாமான் தெருவில் நிற்கும்போது, கூடுதல் பணம் கேட்டுச் சண்டை வருவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிற ஒன்று. எழுத்து இருந்தால் பேச்சு குறையும். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதியையாவது இறக்கி முடித்த பிறகு தருவதாகப் பேசுங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, எண்ணுக்கு நேராக உள்ளே என்ன, எந்த அறைக்கு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டிவி, ஃபிரிட்ஜ், பீரோ இவற்றைக் கட்டும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். லாரி எண்ணும் ஓட்டுநர் உரிமமும் அதே போட்டோக்களில் சேரட்டும். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் தேவையில்லை. ஆனாலும் வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட, கையெழுத்திட்ட சாமான் பட்டியலும், வீடு மாற்றத்துக்கான சாமான் என்று சொல்லும் ஒரு கடிதமும், உங்கள் அடையாள அட்டை நகலும் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். பைக்கை ஏற்றினால் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களும் சேரும். டேங்கில் பெட்ரோலை வடித்துவிட வேண்டும்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் உருகித் துடைத்து, நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். இறக்கிய பிறகு சில மணி நேரம் நிற்க விட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் வாங்கியபோது டிரம்மைப் பூட்டப் போல்ட்கள் கொடுத்திருப்பார்கள். பரணில் தேடி எடுத்து மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் டிரம் ஆடி உடையும். இன்வெர்ட்டர் பேட்டரி சாயக் கூடாது. காஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றவே கூடாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கி, ஒப்படைத்ததற்கான வவுச்சரையும் பெற்றுக்கொள்ளுங்கள். அதைக் காட்டித்தான் ராஜபாளையத்தில் இணைப்பு வாங்க முடியும்.

லாரி உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் யார் சாமான் இறக்குவது? முழு லாரி பேசியவர்கள் இதை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். வீட்டில் ஒருவர், தம்பியோ மைத்துனரோ, லாரி கிளம்பிய இரவே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவது எளிய ஏற்பாடு. சென்னையிலிருந்து செங்கோட்டை போகிற அந்த ரயில் காலையில் ராஜபாளையத்தில் விட்டுவிடும். லாரி வருவதற்குள் அவர் வீட்டைத் திறந்து, பெருக்கி, லோடுமேன்களிடம் பேசி முடித்திருப்பார். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டி எடுத்துவிடுங்கள். தென்மாவட்ட ரயிலில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது.

காரில் வைக்க வேண்டியவை

நகை, பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருந்து, கண்ணாடி, சார்ஜர் எல்லாம் காரில். குத்துவிளக்கு, சாமி படம், பால் காய்ச்சப் பாத்திரம், அரிசி, உப்பு, மஞ்சள் ஆகியவையும் காரில்தான் வர வேண்டும்; லாரி ஒருநாள் பிந்தினாலும் நல்ல நேரம் பிந்தாது. காஸ் இணைப்பு கிடைக்கச் சில நாள் ஆகலாம் என்பதால் ஒரு மின் அடுப்பு, அதற்கேற்ற பாத்திரம். இரண்டு பல்பு, ஒரு டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், கத்தி, சணல் கயிறு, ஒரு பூட்டு. படுக்க நான்கு போர்வை.

இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கார் கூரைமேல் கட்டுவது வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே மூட்டை தெரியவும் கூடாது. வழியில் நின்று பார்க்கப் போகிறீர்கள், கார் உங்கள் கண்ணுக்கு மறைந்து நிற்கும். நிரம்பி வழிகிற காரை யாரும் இல்லாமல் விட்டுவிட்டு நிம்மதியாகச் சாமி கும்பிட முடியாது. இரவு தங்குமிடத்துக்கு எடுத்துப்போக ஒரே ஒரு பை தனியாக இருக்கட்டும். டயர் காற்று, ஸ்டெப்னி, ஃபாஸ்டேக் இருப்பு மூன்றையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

முதல் நாள்: திருச்சி வரை

காலை 5 மணிக்குள் பெருங்களத்தூரைத் தாண்டிவிட்டால் நாள் முழுக்க நன்றாக அமையும். 7 மணிவாக்கில் மதுராந்தகம். ஏரியும், ஏரி காத்த ராமர் கோயிலும் சாலைக்குப் பக்கத்திலேயே. 1798-இல் லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயக் கலெக்டர், மழையில் கரை உடையும் நிலையில் இரவில் ஏரியைப் பார்க்க வந்தபோது வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காத்து நின்றதைக் கண்டதாகக் கோயில் வரலாறு சொல்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. மார்கழிக்கு முன்னும் பின்னும் பயணம் அமைந்தால் வேடந்தாங்கல் பறவைகள் அருகில்தான். படாளத்தில் திரும்ப வேண்டும். மற்ற மாதங்களில் அங்கே போய் வெறும் ஏரியைப் பார்த்துத் திரும்பாதீர்கள்.

திண்டிவனத்தில் செஞ்சிக்குப் பிரிகிற பலகையைப் பார்த்ததும் ஆசை வரும். போகாதீர்கள். செஞ்சிக் கோட்டை அரைநாள் ஏற்றம். கால் ஓய்ந்துபோனவர் திருச்சி வரை ஓட்ட முடியாது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் இருக்கிற கல்மரமும் அப்படியே. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய, 18 மீட்டர் நீளம் கொண்ட அற்புதமான பொருள்தான், ஆனால் நெடுஞ்சாலையை விட்டு நெடுந்தூரம் விலக வேண்டும். வீடு மாற்றும் பயணத்தில் சாலையிலிருந்து கால் மணிக்கு மேல் விலகாத இடங்களே பொருத்தம். பெரம்பலூர் தாண்டியதும் வரும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் அந்தக் கணக்குக்குள் வரும். ஆனால் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மதியம் 1 மணிக்குத் திருச்சி. சுற்றுச்சுவருக்குள் கார் நிறுத்த இடம் உள்ள விடுதியாகப் பார்த்து அறை எடுங்கள்; அறை கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள். காரை விடுதியிலேயே விட்டுவிட்டு, மாலை ஆட்டோவில் ஸ்ரீரங்கம் போய் வாருங்கள்.

ஸ்ரீரங்கத்தை இந்தப் பயணத்தில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரின் துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்டு வளர்ந்த ஆண்டாள், மணமகளாகப் பல்லக்கில் ஸ்ரீரங்கம் வந்து அரங்கனோடு கலந்தாள் என்பது வைணவ மரபு. நீங்கள் அந்தப் பாதையில் எதிர்த்திசையில் போகிறீர்கள்: இன்று அவள் புகுந்த ஊர், நாளை மாலை அவள் பிறந்த ஊர். ஏழு பிரகாரமும் சுற்ற நேரம் போதாது, வேண்டியதும் இல்லை. 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தின் கீழ் நுழைந்து, பெருமாளைச் சேவித்து, கருடாழ்வார் சன்னதியருகே பிள்ளைகளை உட்காரவைத்து ஆண்டாள் கதையைச் சொல்லுங்கள். நாளை ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் அவர்கள் நிற்கும்போது அந்த இடம் அவர்களுக்குத் தெரிந்த இடமாக இருக்கும்.

இரண்டாம் நாள்: மலை கண்ணில் படும் வரை

காலை 6 மணிக்குக் கிளம்பினால் 7 மணிக்குள் விராலிமலை. முருகன் கோயிலுக்குப் படியேறுவது காலையில் சுகம். மயில்கள் பாறையிலும் மண்டபத்திலும் பயமில்லாமல் திரியும். முருகனுக்குச் சுருட்டு படைக்கிற கோயில் இது. பெரியவர்கள் கீழேயே காத்திருந்தாலும் மயில் அவர்கள் பக்கமும் வரும்.

அடுத்த நிறுத்தம் மேலூரை ஒட்டிய அரிட்டாபட்டி. எல்லோரும் மதுரை என்றதும் மீனாட்சியம்மன் கோயிலை நினைப்பார்கள். நானும் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாமானோடு கூடிய காரை மாசி வீதிகளுக்குள் கொண்டுபோய், நிறுத்த இடம் தேடி, வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் பகல் போய்விடும். இனி மதுரை உங்களுக்கு இரண்டு மணி நேர பஸ் பயணம்தானே, இன்னொரு நாள் வரலாம். அரிட்டாபட்டியோ, நெடுஞ்சாலையில் பறந்துபோகிறவர்கள் பார்க்காமலே விடுகிற ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு பாறைக் குன்றுகள், ஊற்றுகள், கண்மாய்கள், வல்லூறுகள் கூடு கட்டும் பாறை இடுக்குகள். தமிழி எழுத்துக் கல்வெட்டும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும், பாறையைக் குடைந்த சிவன் கோயிலும் ஒரே ஊரில் இருக்கின்றன. 2024-இல் இந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர் ஊராக மக்கள் எழுந்து நின்றார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டால் வழி தவறாது, அவர் சொல்லவும் நிறைய இருக்கும். குடிநீரைக் கையில் எடுத்துப்போங்கள். வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். 11 மணிக்கு மேல் பாறை சுடும்.

பிறகு மதுரை நகருக்குள் போகாமல் சுற்றுச்சாலை வழியாகத் திருமங்கலம். அங்கே கன்னியாகுமரிச் சாலையை விட்டுப் பிரிந்து கொல்லம் நெடுஞ்சாலையில், அதாவது 744-இல், திரும்ப வேண்டும். இந்தத் தடத்தை நான்கு வழியாக்கும் பணியில் புதுச் சாலை பல ஊர்களை ஒதுக்கிக்கொண்டு வெளியே போகிறது. கைப்பேசி வரைபடம் சீக்கிரம் போகிற வழியைத்தான் காட்டும். நீங்கள் டி. கல்லுப்பட்டிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உள்ளே போக வேண்டும் என்பதால் ஒவ்வொரு பிரிவிலும் கேட்டுத் திரும்புங்கள்.

டி. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. 1940-இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கியது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தில் வந்து தங்கிய இடம். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் கோட்டும் சூட்டுமாகத் தொழில் நடத்தியவர். காந்தியைச் சந்தித்த பிறகு எல்லாவற்றையும் விட்டு, கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்தார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில் காலமானார். வாசலில் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போய் மர நிழலில் அரைமணி உட்கார்ந்துவிட்டு வரலாம். லாரி நிறைய சாமானை அனுப்பிவிட்டு வருகிற நமக்கு, எவ்வளவு கொஞ்சத்தோடு அந்த மனிதர் வாழ்ந்தார் என்பது மனதில் தைக்கும். வேண்டாத சாமானைப் பழைய வீட்டிலேயே கழித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை.

கல்லுப்பட்டி தாண்டினால் கரிசல். பருத்தி, சோளம், மக்காச்சோளம், ஓடைக்கரையில் பனை. கொஞ்ச தூரத்தில் வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக எழத் தொடங்கும். ராஜபாளையம் போய்ச் சேரும் வரை அது உங்களை விட்டு விலகாது. ஒரு இடத்தில் காரை நிறுத்தி இறங்கி அதைப் பாருங்கள். நீங்கள் குடிக்கப்போகிற தண்ணீரில் ஒரு பங்கும், சாயங்காலம் வீசப்போகிற காற்றும் அங்கிருந்து வருபவை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிடும். இந்தப் பக்கம் ஊர்கள் கண்மாயை நம்பி வாழ்வதற்கு அதுவே காரணம்.

கிருஷ்ணன்கோவில் விலக்கில் வலப்பக்கம் பிரிவது வத்திராயிருப்புக்கும் சதுரகிரிக்கும் போகிற சாலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சதுரகிரி மலை ஏற வருகிற கூட்டம் இங்கே திரும்பும். ஆடி அமாவாசைக்கு அது பெருவெள்ளமாகிவிடும். உங்கள் லாரி வரும் தேதியை வைக்கும்போது காலண்டரில் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாலை

கோயில் நடை மதியம் சாத்தி மாலை 4 மணிவாக்கில் திறக்கும். மேலே சொன்ன கணக்கில் வந்தால் சரியாக அந்த நேரத்துக்கு ஊருக்குள் நுழைவீர்கள். ஊர் வருவதற்கு வெகுமுன்பே வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலை ராஜகோபுரம் தெரியும். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

வடபத்ரசாயி பள்ளிகொண்ட கோயிலும் ஆண்டாள் கோயிலும் அருகருகே இருக்கின்றன. இடையில் ஆண்டாள் அவதரித்த நந்தவனம். பெரியாழ்வார், ஆண்டாள் என்று இரண்டு ஆழ்வார்கள் பிறந்த திவ்விய தேசம். அவசரப்படாமல் மூன்றையும் பாருங்கள். பெருமாளுக்கான மாலையை ஆண்டாள் முதலில் தான் சூடி அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு உள்ளே இருக்கிறது. ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைக் கவனியுங்கள். இலைகளாலும் பூவாலும் நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள், மூக்குக்கு மாதுளம்பூ. தலைமுறை தலைமுறையாக அதைச் செய்கிற குடும்பத்தினர் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் மதுரைக்குப் போய்க் கள்ளழகருக்குச் சாற்றப்படுகிறது, புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது. வாடும் முன் பூவை அத்தனை தொலைவு கொண்டுசேர்க்கும் ஊர் இது.

ஆடிப்பூரம் ஆண்டாள் பிறந்த நாள். தேரோட்டத்தன்று தேர் ஓடும் வீதிகளிலும் அவற்றை ஒட்டியும் வண்டி நுழைய முடியாது. குடிபோவதற்கு ஆடி ஆகாது என்பவர்களும் குடிவந்த பிறகு அந்தத் தேரைப் பார்க்கக் கட்டாயம் வர வேண்டும்.

கோயிலைச் சுற்றிய வீதிகளில் பால்கோவாக் கடைகள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராத பண்டம். விறகடுப்பில் அடிபிடிக்காமல் கிளறிக் கிளறிச் சுண்டவைப்பதில்தான் சுவை. சூடாக இருப்பதை அங்கேயே கொஞ்சம் வாங்கிச் சாப்பிடுங்கள். எடுத்துப்போக வேண்டியதை ஆறியதாகக் கேட்டு வாங்குங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்துச் சீக்கிரம் கெட்டுப்போகும். புது வீட்டின் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க அரைக்கிலோப் பொட்டலமாக நாலைந்து சேர்த்து வாங்கிவிடுங்கள். ஆனால் ராஜபாளையத்துக்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா புதிதல்ல. சென்னையிலிருந்து ஏதாவது இனிப்பும் கொண்டுவந்திருந்தால் இன்னும் சிறப்பு.

செண்பகத்தோப்பை அன்று மாலையே பார்க்க முயல வேண்டாம். 1988-இல் சாம்பல் நிற மலை அணில்களுக்காகச் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு அது. அணிலைப் பார்க்கக் காலையில், சத்தமில்லாமல், மரக்கிளைகளை அண்ணாந்து பார்த்துப் பொறுமையாக நிற்க வேண்டும். இனி நீங்கள் 12 கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கப் போகிறவர்கள். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு நல்ல நாளாகப் பார்த்து வரலாம்.

நல்ல நேரம் மறுநாள் காலை என்றால் இரவு ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ விடுதியில் தங்கிவிடுங்கள். பால் காய்ச்சாத வீட்டில் தங்க மனம் ஒப்பாத பெரியவர்கள் உடன் இருந்தால் இந்த ஒரு இரவுச் செலவு வீணல்ல.

ராஜபாளையத்தில் இறங்கிய பிறகு

பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜா கோட்டை போன்ற பழைய பகுதிகளில் தெருக்கள் குறுகல். 17 அடி லாரி எல்லாத் தெருவிலும் திரும்பாது. பொதிகையில் முன்னால் வந்தவர் தெருவை நடந்து பார்த்து, பெரிய வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து டாடா ஏஸில் எத்தனை நடை அடிக்க வேண்டும் என்று முடிவுசெய்திருந்தால் இறக்கும் வேலை பாதி முடிந்த மாதிரி. மின்கம்பியும் கேபிள் வயரும் தாழ்வாகத் தொங்கும் இடங்களையும் அவர் பார்த்துவைக்கட்டும்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது. நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வரும்? தொட்டி எத்தனை லிட்டர்? சென்னையில் லாரித் தண்ணீருக்குப் பழகிய குடும்பங்கள் இங்கே குழாய் வரும் நேரத்தைத் தவறவிட்டுத் திண்டாடுவதுண்டு. நகருக்கு அய்யனார் கோயில் ஆற்றிலிருந்து நிரம்பும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரும் ஆதாரம். மலையில் மழை குறைந்தால் இடைவெளி கூடும்.

முதல் வாரத்தில் முடிக்க வேண்டிய காகித வேலைகளும் உண்டு. ரேஷன் அட்டை, ஆதார், வங்கி, காஸ் முகவரி மாற்றங்கள்; வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8; கார், பைக் ஆர்.சி.யில் முகவரி மாற்றத்துக்கு 30 நாள் கெடு. எல்லாவற்றுக்கும் வாடகை ஒப்பந்தம் வேண்டியிருக்கும், ஆகவே அதை முதலில் எழுதி வாங்குங்கள்.

ராஜபாளையம் பார்க்கத் தக்க ஊரும்கூட. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அங்கே ஒரு மாலை போய் வாருங்கள். மே, ஜூனில் வந்தால் இந்த மண்ணின் சப்பட்டை மாம்பழத்தைக் கேட்டு வாங்குங்கள். ராஜபாளையம் நாய் வேண்டும் என்று பிள்ளைகள் முதல் வாரமே கேட்பார்கள். 2005-இல் தபால்தலையிலேயே இடம்பிடித்த இனம்தான். வெள்ளை உடல், சிவந்த மூக்கு, நெடுங்கால். ஆனால் வேட்டைக்கு வளர்த்த நாய் அது. ஓட இடமும் தினப்படிப் பழக்கமும் வேண்டும். இரண்டு அறை வாடகை வீட்டில் அடைத்தால் நாய்க்கும் துன்பம், தெருவுக்கும் துன்பம். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதால் வாங்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். குடிவந்து ஆறு மாதம் போகட்டும்.

பெட்டிகள் எல்லாம் பிரித்து முடிந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையை அய்யனார் கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் ஆற்றங்கரைக் கோயில், நீர் வரத்து இருந்தால் குளியல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றில் திடீரென வெள்ளம் வரும் என்பதால் வனத்துறை வழியை அடைத்துவிடுவதுண்டு. கிளம்புமுன் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். மேல்மலையில் கறுத்திருந்தால், இங்கே வெயில் அடித்தாலும் ஆற்றுக்குள் இறங்காதீர்கள். பிளாஸ்டிக் பையை வீட்டிலேயே விட்டுவிட்டு, சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துப்போங்கள்.